சக்களத்திப் பூ

செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா? மரகதத்தைக் கேட்டால் அப்படித்தான் திருப்பிக் கேட்பாள். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குழாயடியில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம், குடத்தைத் தட்டிவிடலாம், கோபம் தலைக்கேறினால் கொண்டையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டலாம். படத்துக்குள் இருப்பவளை என்ன செய்ய? சரி, படத்தோடு போயிருந்தால்கூட மரகதம் பொறுத்துக்கொண்டிருப்பாள். வேணி படத்தோடு போகவில்லையே! பெர்ன்ஹில் வீட்டுத் தாழ்வாரத்தில், ஒரு மரத்துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு குருத்து விட்டுக்கொண்டு பச்சைப் பசேலென்று தொங்கிக்கொண்டல்லவா இருந்தாள்.

காரமடைப் பக்கத்திலிருந்து மரகதம் மருதமுத்துவுக்கு வாக்கப்பட்டு மலையேறியது அறுபத்து நாலாம் வருடம். அவருக்கு மின்வாரியத்தில் வேலை. அவலாஞ்சியில் அணை கட்டிய காலத்தில் கூலிக்கு வந்து, அப்படியே நிரந்தரமானவர். இரண்டாம் தாரம் என்று சொல்லித்தான் கேட்டார்கள். மூத்தவள் வேணி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. மரகதமும் யோசித்துப் பார்த்தாள். மாதச் சம்பளம், மாமியார் தொல்லை இல்லை, ஆள் குடிக்கிறதில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? சரியென்று கழுத்தை நீட்டிவிட்டாள்.

இரண்டாம் தாரமாகப் போகிறவள் கூரைச்சேலையை மூத்தாள் படத்துக்கு முன்னால் வைத்து, "அக்கா, உன்ற ஊட்டுக்கு வாரேன், உத்தரவு குடு" என்று கும்பிட்டுவிட்டுத்தான் உடுத்த வேண்டும். அதற்குப் பிறகும் எந்த நோம்பி வந்தாலும் புதுச்சேலை முதலில் அவளுக்குத்தான். மரகதம் இதிலெல்லாம் ஒரு குறையும் வைத்ததில்லை. மஞ்சள் வைப்பாள், பூ வைப்பாள், கற்பூரம் காட்டுவாள். வைத்த சேலையைக் கடைசியில் கட்டிக்கொள்ளப் போவது யார்? அந்த மட்டுக்கும் அவளுக்கு வேணி நல்லவளாகத்தான் தெரிந்தாள்.

வினை வேறு இடத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் தாழ்வாரத்தைக் கூட்டும்போது விளக்குமாறு எதிலோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தால், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கட்டை. அதன்மேல் கோழிமுட்டை அளவில் பச்சைப் பச்சையாக உப்பிய குமிழ்கள், ஒவ்வொரு குமிழின் தலையிலும் இரண்டு இலை.

"ஏனுங்க, இதென்னுங்க வெறகுக் கட்டையில கெழங்கு மொளைச்சிருக்குது? எடுத்து வீசீரட்டுங்களா?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து மருதமுத்து ஓடிவந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுப்பில் சேலைத் தலைப்பு பற்றிக்கொண்டால்கூட ஆள் அப்படி ஓடிவர மாட்டார். "ஐயோ, அதைத் தொட்டுராத மரகதம்! அது வேணி" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அணை வேலை நடந்தபோது சில்வஸ்டர் என்று ஒரு பேராசிரியர் சோலைக்காட்டுச் செடிகளைச் சேகரிக்க வந்து முகாமில் தங்கியிருக்கிறார். அவருக்கு வேணிதான் சமைத்துப் போட்டாள். ஒருநாள் விறகு பிளக்கக் கோடாலியை ஓங்கியவள், கிளையில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு கொத்துப் பூ இருப்பதைப் பார்த்துவிட்டு, வெட்ட மனசு வராமல் தனியே எடுத்து வைத்தாளாம். சாயங்காலம் பேராசிரியர் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்துவிட்டார். ஆர்க்கிட் வகையில், சீலோஜைன் என்ற பேரினத்தில், இதுவரைக்கும் யாரும் எழுதி வைக்காத செடி. பூவின் நாக்கு மாதிரியான இதழில் மற்றதற்கெல்லாம் மூன்று வரப்பு, இதற்கு ஐந்து. அதை அவர் ஆராய்ந்து எழுதி அச்சில் வருவதற்குள் வேணி போய்விட்டாள். அவள் நினைவாக அவள் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார்.

"சீலோஜைன் வேணியே" என்று மருதமுத்து சொல்லிக் காட்டினார். "பொம்பளைப் பேரு வெச்சா லத்தீன்ல அப்படித்தான் முடியுமாம். உலகத்துல எந்த மூலையில படிச்சாலும் அந்தப் பேரைத்தான் சொல்லோணும்."

வேணியே! மனுசன் கொஞ்சிக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது மரகதத்துக்கு. விறகு பிளக்கப் போனவளுக்கு உலகம் பூராவும் பேராம். மரகதத்தின் பெயர் எங்கே இருந்தது? ரேஷன் கார்டில் இருந்தது. அதிலும் எழுத்துப் பிழையோடு இருந்தது.

அந்தப் பங்குனியில் செடி பூத்தது. மரகதம் அப்போது மூன்று மாதம், மசக்கை. கொல்லையில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்து பார்த்தால், மருதமுத்து முக்காலியைப் போட்டுப் பூவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"வா மரகதம், பாரு" என்று பாடம் வேறு நடத்தினார். "வெளிய மூணு எதழு, உள்ள ரெண்டு. ஆறாவதுதான் இந்த நாக்கு. வண்டு வந்து எறங்கறதுக்குத் திண்டு மாதர. மஞ்சளா வரிவரியா மேல நிக்குது பாரு, அதுதான் வரப்பு. நானும் வேணியும் பேராசிரியரோட சேந்து எண்ணுனோம். அஞ்சு."

அவர் சுண்டுவிரலால் அந்த நாக்கை அடியில் தாங்கிப் பிடித்திருந்த விதம் இருக்கிறதே, அதை மரகதம் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். தன் மோவாயை அவர் ஒருநாளும் அப்படித் தாங்கிப் பிடித்ததில்லை. பத்து நாள் பூத்திருந்தது. பத்து நாளும் அவர் லீவு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்ததில் சோறு ஆறிப்போயிற்று, மரகதத்துக்கோ சோறே இறங்கவில்லை. 'இருடி, உன்னைய வெச்சுக்கறேன்' என்று கறுவிக்கொண்டாள்.

மறுவருடம் பங்குனி பிறக்கும் முன்பே அவள் செடியைக் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. இந்தச் செடி ஒவ்வொரு வருடமும் பழைய குமிழுக்கு முன்னால் புதுசாக ஒரு முளை விட்டு, அந்தப் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வளரும். அந்த முளையின் நடுவில்தான், சுருண்ட இளம் இலைகளுக்குள்ளே, மொட்டுக் கொத்து கிளி மூக்குப் போல எட்டிப் பார்க்கும். இலையை விரல் நுனியால் விலக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரே கிள்ளு. இலைக்குச் சேதமில்லை, செடிக்குச் சேதமில்லை. பூ மட்டும் அந்த வருடத்துக்கு இல்லை.

வார லீவுக்கு அவலாஞ்சியிலிருந்து இறங்கி வந்த மருதமுத்து குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"மொட்டைக் காணமே?"

"நத்தைங்க" என்றாள் மரகதம், புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓடில்லாத நத்தை. இந்த மழைக்கு செவுரெல்லாம் ஏறுது."

பாவம் மனுசன், நம்பிவிட்டார். நத்தையோடு அவர் நடத்திய சண்டை இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருடம் கட்டையைச் சுற்றி உப்புப் போட்டார். ஒரு வருடம் சாம்பல். ஒரு வருடம் புகையிலைத் தூள். ஒரு வருடம் மின்வாரியத்துச் செம்புக் கம்பியை எடுத்து வந்து வளையம் வளையமாகச் சுற்றினார். எல்லாவற்றையும் தாண்டி அந்த நத்தை வருடம் தவறாமல் வந்து மொட்டைத் தின்றுவிட்டுப் போயிற்று. உப்புப் பாத்திரத்தை அவருக்கு எடுத்துக் கொடுப்பவளும் மரகதம்தான்! கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "நல்லாத் தூவுங்க, அந்த மூலையில விட்டுட்டீங்க பாருங்க" என்று யோசனையும் சொல்வாள்.

இதற்கெல்லாம் முன்னால், செடி பூத்த அந்த வருடமே பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியதும் மருதமுத்து தயங்கித் தயங்கி, "மூத்தா பேரை வெக்கறதும் வழக்கந்தான்" என்று ஆரம்பித்தார். பச்சை உடம்புக்காரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ற வயித்துல பொறந்ததுக்கும் அவ பேரா? செடிக்கு வெச்சது பத்தாதுங்களா?" வார்டே திரும்பிப் பார்த்தது. சாந்தாமணி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சாந்தாமணி வளர்ந்து, படித்து, கட்டிக்கொடுத்து மேட்டுப்பாளையத்துக்கும் போய்விட்டாள். வேணி மட்டும் எங்கேயும் போகவில்லை. பழைய கட்டை இற்றுப்போனதும் மருதமுத்து பெரிய மரப்பெரணித் தண்டு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து அதில் மாற்றிக் கட்டினார். பூக்காத செடி, ஆனாலும் என்ன செழிப்பு! குமிழ்கள் பெருத்து, பெருகி, தாழ்வாரத்தின் பாதி அகலத்துக்கு ஆகிவிட்டது. மரகதம் அதைக் கடக்கும்போதெல்லாம் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மருதமுத்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்த வருடம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. கோவையில் ஆபரேஷன், வரிசைப்படி கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாசியில்தான் லீலாவதி வந்தாள்.

கோவைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். மூக்குக் கண்ணாடியும் தோளில் பையுமாக வந்து, "சில்வஸ்டர் ஐயாவோட கட்டுரையில உங்க பேரு இருந்துச்சுங்க. விசாரிச்சு விசாரிச்சு வந்தேன்" என்று மருதமுத்துவைக் கும்பிட்டாள். அப்புறம் செடியைப் பார்த்தாள். பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே ஓடினாள்.

"அம்மாடி! இவ்வளவு பெரிய செடியை நான் காட்டுலகூடப் பாத்ததில்லை. எப்பப் பூக்கும்?"

"பூக்கறதே இல்லீங்க. நத்தை விடறதில்லை" என்றார் மருதமுத்து.

"அதனாலதான் இப்படிப் பெருத்திருக்கு!" என்றாள் லீலாவதி. "இது கெழங்கு இல்லீங்க, தண்டு. தண்ணியும் சத்தும் சேத்து வெச்சு இப்படி உப்பிக்கும். வருசா வருசம் பூத்திருந்தா அதுல பாதி பூவுக்கே செலவாகியிருக்கும். பூவே எடுக்காததால மொத்தமும் குமிழுக்குப் போயிருக்கு. நத்தைக்கு நீங்க நன்றி சொல்லோணும்."

தேத்தண்ணி கொண்டுவந்த மரகதம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அட பாவி மகளே! வருடம் தவறாமல் கிள்ளிக் கிள்ளி, நான்தானா இவளை இப்படி ஊட்டி வளர்த்திருக்கிறேன்? அவளுக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

லீலாவதி வந்த விஷயத்துக்கு வந்தாள். இந்தப் பேரினம் முழுவதையும் அவள் வகைப்படுத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். வேணியில்தான் சிக்கல். அவலாஞ்சிக் காட்டில் இரண்டு வருடமாகத் தேடியும் கிடைத்ததெல்லாம் மூன்று வரப்புப் பழைய இனம்தான். பேராசிரியர் காயவைத்து ஒட்டி வைத்த பூவில் நாக்கைப் பூச்சி அரித்துவிட்டது. அவரும் இப்போது உயிரோடு இல்லை. அவர் எண்ணியதே தப்பு, இது புது இனமே இல்லை என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"அஞ்சுதாங்க. நான் எண்ணியிருக்கேன்" என்றார் மருதமுத்து. குரல் எழும்பிவிட்டது.

"நீங்க சொல்றதை நான் நம்பறேங்க. ஆனா வாய்வார்த்தை செல்லாது. பூ வேணும்."

மரகதம் தேத்தண்ணியை நீட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். "ஏன் அம்மிணி, எண்ணிப் பாத்து மூணா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பழைய இனத்தோட சேத்துருவோம். அதுக்கு நூறு வருசத்துக்கு முன்னாலயே பேரு வெச்சாச்சு. முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். வேணிங்கற பேரு எங்கயாவது ஒரு மூலையில சின்ன எழுத்துல கெடக்கும். யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க."

"பூவே கெடைக்கலீன்னா?"

"சந்தேகம்னு குறிச்சுட்டு, பேரை அப்படியே விட்டுருவேன்."

மரகதத்துக்குள் ஏதோ பளிச்சென்று திறந்துகொண்டது. இத்தனை வருடம் என்ன மடத்தனம் செய்திருக்கிறாள்! கிள்ளக் கிள்ள வேணி பெருத்ததுதான் மிச்சம். இவளை ஒழிக்க ஒரே வழி பூக்க விடுவது. மருதமுத்து அஞ்சு என்கிறார். அவர் சொல்லாமல் என்ன செய்வார், ஆசைப்பட்டுக் கட்டிய பெண்டாட்டி கண்டெடுத்த பூ ஆயிற்றே, அன்றைக்கு அவருக்கு ஏழு எட்டுகூடத் தெரிந்திருக்கும். பூக்கட்டும். அந்தக் கண்ணாடிக்காரி வந்து எண்ணட்டும். மூன்று என்று அவள் வாயாலேயே சொல்லட்டும்.

"அதென்ன அம்மிணி சீலோஜைன்? அதுவும் பொம்பளைப் பேருங்களா?" என்று கேட்டு வைத்தாள் போகிற போக்கில்.

"கிரேக்கத்துல குழிஞ்ச பொண்ணுன்னு அர்த்தங்க. பூவோட நடுவுல மகரந்தம் ஒட்டற சூல்முடி குழியா இருக்கும், அதனால" என்று லீலாவதி சிரித்தாள்.

பேரே பெண்ணா! நெனைச்சேன் என்று மரகதம் உள்ளே போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கிள்ளிய அதே கை காவல் காத்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலை இலையை விலக்கிப் பார்ப்பது. பங்குனி பிறந்து மொட்டுக் கொத்து தலைகாட்டிய வாரத்தில், இதுவரைக்கும் மரகதம் பொய்யாகவே சொல்லிவந்த நத்தை நிஜமாகவே வந்து நின்றது. மரப்பெரணித் தண்டில் பாதி ஏறியிருந்த அதைக் குச்சியால் தட்டிவிட்டு, உப்பு டப்பாவைக் கொண்டுவந்து சுற்றிலும் கொட்டினாள். வெயில் உறைத்தால் சாக்கைக் கட்டினாள், காற்றடித்தால் சாக்கை அவிழ்த்தாள்.

பக்கத்து வீட்டுப் பாலாமணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்கக்கா, பொண்ணுப் பிரசவத்துக்குக்கூட நீங்க இத்தனை பண்ணலியே!" என்று கேலி பேசினாள்.

"ஆமா, இது பொறந்தாத்தான் எனக்கு விடிவு" என்றாள் மரகதம். அது பாலாமணிக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கண் தெரியாத மருதமுத்து முக்காலியைப் போட்டுக்கொண்டு, செடியிருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். மரகதம் அவரைப் பார்ப்பாள், செடியைப் பார்ப்பாள். பற்றிக்கொண்டு வரும். இன்னும் கொஞ்ச நாள்தானே, உட்கார்ந்துகொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மொட்டுகள் வெளுத்து உப்பியதும் மரகதம் பாலாமணியின் மகனை விட்டுக் கல்லூரிக்குப் போன் பண்ணச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்று லீலாவதி சொன்னாளாம். சனிக்கிழமை காலையில் முதல் பூ விரிந்துவிட்டது.

மரகதம்தான் முதலில் பார்த்தாள். இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு அதே வெள்ளை, அதே மஞ்சள் நாக்கு. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசிமுனை மாதிரி பார்வையை வைத்து எண்ணினாள். நடுவில் நீளமாக மூன்று வரப்பு. அப்பாடா! மூன்று! செத்தாயடி வேணி! வெளிச்சத்துக்காகப் பூவைக் கொஞ்சம் திருப்பினாள். ஓரத்தில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. குட்டையாக, ஆனால் தெளிவாக, மயிர் மாதிரி ஓரம் வெட்டிய இரண்டு வரப்பு. திரும்ப எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்துதான்.

"பூத்துருச்சா மரகதம்?" உள்ளேயிருந்து சுவரைத் தடவிக்கொண்டு மருதமுத்து வந்தார். "வாசம் வருது. பூத்துருச்சாக்கும்?"

"ம்."

முக்காலியில் உட்கார்ந்தார். "எண்ணிப் பாத்துச் சொல்லு. எனக்கு வெள்ளையா மங்கலா ஒண்ணு தெரியுது, அவ்வளவுதான். எத்தனை வரப்பு?"

மரகதம் பூவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மசக்கையில் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்ட அன்று இருந்த அதே முகம். தான் கூப்பிட்டது காதில் விழாத அதே முகம்.

"மூணு" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. மூணுதான்."

தாழ்வாரத்துக் கம்பியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. பிறகு மருதமுத்து சாதாரணமாக, மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சரி, மூணுன்னா மூணு. பறிச்சுப் போட்டுரு. மத்த மொட்டையும் சேத்துக் கிள்ளிப் போடு. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்தா, வழக்கம்போல நத்தைன்னு நான் சொல்லிக்கறேன்."

மரகதம் பூவை விட்டுக் கையை எடுத்தாள். "என்னுங்க சொல்றீங்க?"

"நத்தைக்கு நகம் கெடையாது அம்மிணி" என்றார் அவர். "காம்பு கிள்ளுனதாட்டதான் இருக்கும் ஒவ்வொரு வருசமும். அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான தெரிஞ்சுது."

"அப்பறம் எதுக்கு உப்பு போட்டீங்க? சாம்பல் போட்டீங்க?"

"போடலீன்னா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சு போகுமே" என்றார். "செத்தவளுக்குக் காத்துட்டு உசுரோட இருக்கறவளை எரிய உட்டது நான். எனக்குப் பேசத் தெரியலை. நீ கிள்ளுனா உனக்காச்சும் ஆறுமேன்னு விட்டுட்டேன். அவ பேரு புஸ்தகத்துல இருந்தா என்ன, போனா என்ன? நீ மூணுன்னு சொன்னா மூணுதான். பறிச்சுரு."

சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார், அவள் பறிப்பதைக் கேட்கக்கூட இஷ்டமில்லாதவர் மாதிரி.

மரகதம் பூவுக்கு முன்னால் நின்றாள். ஜெயித்துவிட்டாள்! இருபத்து நாலு வருடமாக எதற்காக வயிறெரிந்தாளோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னாள், வேணியை விட்டுக்கொடுத்துவிட்டார். கட்டைவிரல் நகம் காம்புவரைக்கும் போயிற்று. இதைத்தானே கேட்டாய், கிள்ளேன்! அவளால் முடியவில்லை. நல்லவளாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்போதும் கணக்குத்தான் போட்டாள். தாழ்வாரத்தில் பூத்தால் பத்து நாளில் உதிர்ந்துவிடும். கிள்ளிப் போட்டால், இனிமேல் வருடம் பூராவும் அந்த மனுசனுடைய நெஞ்சுக்குள்தான் பூக்கும். அங்கே இந்த நகம் எட்டாது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. நத்தைக்கு நகமில்லை என்று தெரிந்தும் உப்பு டப்பாவை நீட்டச் சொல்லி வாங்கிக்கொண்டாரே, வருடா வருடம்! அந்த உப்பு வேணிக்குப் போட்டதில்லை. தனக்குப் போட்டது. அதை நினைத்ததும் மரகதத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மரப்பெரணித் தண்டைப் பிடித்துக்கொண்டு, பாலாமணி பார்த்தால் பார்க்கட்டும் என்று, கேவிக் கேவி அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனாள்.

"அஞ்சுங்க. ஓரத்துல ரெண்டு குட்டையா இருக்குது" என்றாள்.

கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மரகதம் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை லீலாவதி வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு தரம் எண்ணினாள், இன்னொரு தரம் எண்ணினாள், அப்புறம் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். "அஞ்சு! ஐயா, அஞ்சு! நீங்க சொன்னதுதான் சரி. வேணி நின்னுட்டாங்க!" மருதமுத்து அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஒரு பூவை அவள் பறித்துத் தாளுக்கிடையில் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அதோடு ஒட்டுவதற்கான சீட்டில் எழுதத் தொடங்கினாள்.

"என்ன அம்மிணி எழுதறீங்க?" என்றாள் மரகதம், மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

"செடிப் பேரு, அப்புறம் எங்க கெடைச்சது, யாரு மொதல்ல எடுத்தது. எல்லா நாட்டுக்காரங்களும் இதைத்தான் வந்து பாப்பாங்க."

"அவ பேரு மேல வந்தாச்சு. எடுத்ததும் அவதான், அதுவும் வந்தாச்சு" என்று மரகதம் விரலை மடக்கினாள். "வளத்தது யாரு? இருவத்தி நாலு வருசமா இத்தாப் பெரிசுக்கு வளத்தது யாரு, அதை எழுத மாட்டீங்களா?"

லீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். மருதமுத்துவும் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"எழுதலாங்கம்மா, தாராளமா எழுதலாம். பெர்ன்ஹில், மரகதம் வீட்டில் வளர்ந்தது. சரிங்களா?"

"அவ பேருக்குக் கீழயா எழுதுவீங்க?"

"கீழதாங்க வரும். அதுதான் முறை."

மரகதம் யோசித்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கீழன்னா கீழ, பரவால்ல. அவ மூத்தவ, மேல இருந்துட்டுப் போகட்டும். ஆனா எழுத்து மட்டும் அவளுதைவிடச் சின்னதா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."